நான் இறங்கிக்கொண்ட கரை

வேலு,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, சரோஜாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாய். வாசற்படியில் நின்று, "அப்பாவையே ஆத்துல வுட்டுட்டுப் போனவ நீ. என்னை வுட்டுட்டுப் போறது உனக்குப் பெரிசா?" என்று சொல்லிவிட்டுப் போனாய். கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகாத உன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். இந்த வீட்டில் தனக்குத் தெரியாதது என்னவெல்லாம் இருக்கிறதோ என்று அந்தப் பெண் பயந்துபோயிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடக்கிறேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். சாயங்காலமானால் முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை வரைக்கும் நடந்து, புதிதாகக் கட்டியிருக்கிற கப்பல் பாலத்தருகே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்புகிறேன். இந்தக் கடிதத்தைக்கூட அடுக்களை மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அந்த ஆற்றில் என்ன நடந்தது என்று உனக்கு உன் அத்தை சொன்னது மட்டும்தான் தெரியும். அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். நாங்கள் கப்பலேறிப் போன பிறகு உன்னைத் தன் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு படிக்கவைத்தவள் அவள். ஆனால் அவள் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை. நானும் உன் அப்பாவும் அதைப் பற்றி உன்னிடம் பேசினதே இல்லை. ஏன் பேசவில்லை என்று யோசித்தால், அவருக்கு அது முடிந்துபோன விஷயம், எனக்கு முடியாத விஷயம், அதனால் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கின அன்றைக்கு உனக்குப் பதினாலு வயது. ஊரெல்லாம் பட்டாசு. நீயும் பையன்களோடு ஓடிப்போய் மிட்டாய் வாங்கிவந்தாய். உன் அப்பா சுங்க ஆபீசிலிருந்து மத்தியானமே வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சந்தோஷமாத்தான் இருக்குது. ஆனா நாளைக்கு எந்த பாஷையில கணக்கு எழுதறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல" என்றார். சிறு வயதிலிருந்து பிரெஞ்சு தவிர வேறு பாஷையில் அவர் ஆபீஸ் வேலை செய்ததில்லை. வேறு பிரெஞ்சு நாடுகளுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகலாம் என்று பேச்சு வந்தபோது மற்றவர்கள் பாரிஸ் கேட்டார்கள். இவருக்குக் கிடைத்தது கயேன். தென்னமெரிக்காவில் கடலோரமாக ஒரு ஊர். அதற்குப் பின்னால் முழுக்கக் காடு. அவர் போகப் பயந்தார். போகலாம் என்று சொன்னது நான்.

நான் வைத்திக்குப்பத்துப் பெண் என்பதை நீ மறந்துவிடுகிறாய். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். கன்னியாஸ்திரீகள் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பிறகு பிரசவ நர்ஸ் வேலைக்குப் படிக்கவைத்தார்கள். சுவரைப் பார்த்தபடி வாழ்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். உன் அப்பாவுக்கு நேர்மாறு. அவருக்கு மேஜை, அதன்மேல் மைக்கூடு, நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். எங்களைச் சேர்த்துவைத்தவர்கள் இதையெல்லாம் பார்க்கவில்லை. நாங்கள்தான் போகப்போகப் பார்த்துக்கொண்டோம்.

கயேனில் கொஞ்ச காலம் இருந்த பிறகு அவரை மரோனி என்கிற ஆற்றின் மேல்முகத்திலிருந்த ஒரு காவல் ஊருக்கு அனுப்பினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு தேசம். தங்கம் சலிப்பவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவார்கள். அவர்களைப் பார்க்க ஒரு சுங்கக்காரன் வேண்டும். ரோடு கிடையாது. ஒரே மரத்தைக் குடைந்த நீளமான ஓடத்தில்தான் போக வேண்டும். எங்கள் ஓடத்துக்கு கோஜோ என்று ஒருவன் தலைவன். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, தப்பித்துக் காட்டுக்குள் ஓடிப் பிழைத்தவர்களின் வம்சம். முன்னால் நின்று நீளக்கழியால் தள்ளுவது அவன் தம்பி; பின்னால் துடுப்பு கோஜோ. இரண்டு பேரும் அரைகுறையாகப் பிரெஞ்சு பேசினார்கள். நானும் அரைகுறைதான். அதனால் எங்களுக்குள் நன்றாகப் பேச்சு நடந்தது. உன் அப்பா இலக்கணமாகப் பேசினதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

அந்தக் காட்டை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை வேலு. இரண்டு கரையிலும் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். உச்சி தெரியாது. மழை வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். தூரத்தில் இலைகள்மேல் விழுந்துகொண்டே நம்மை நோக்கி நடந்து வருகிற சத்தம். காலையில் குரங்குகள் ஊளையிட்டால் ஐப்பசி மாதக் கடல் இரைகிற மாதிரி இருக்கும். முதல் நாள் அதைக் கேட்டு உன் அப்பா, "புயல் வருது, திரும்பிடலாம்" என்றார். கோஜோ சிரிக்கவில்லை. "குரங்குதான் ஐயா. நாளைக்கும் கத்தும்" என்றான். வளைவுக்கு வளைவு ஆறு வேறு ஆறாக இருந்தது. அடுத்த வளைவில் என்ன இருக்கும் என்று நான் கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தேன். இதைவிடச் சந்தோஷமாக நான் வேறு எங்கேயும் இருந்ததில்லை என்று எழுதினால் உனக்கு வலிக்கும். உன்னை ஊரில் விட்டுவிட்டு வந்த ஏக்கம் நெஞ்சில் இருந்தது. அதுவும் இருந்தது, இதுவும் இருந்தது.

அவருக்கு எல்லாமே கஷ்டம். மரவள்ளிக்கிழங்கு மாவை வறுத்துச் சாப்பிடுவார்கள். அது அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டில் மாதிரி கட்டின வலையில் படுத்தால் முதுகு வலிக்கும். கயேனிலிருந்து ஒரு மூட்டை அரிசி வாங்கி எடுத்துப் போனோம். ஒரு தீவில் தங்கினபோது எறும்புகள் அந்த மூட்டையில் பாதியைக் கொண்டுபோய்விட்டன. விடிந்து பார்த்தால் தரையில் வெள்ளையாக ஒரு கோடு நகர்கிறது. ஒவ்வொரு எறும்பின் தலையிலும் ஒரு அரிசி. நான் தலையில் கை வைத்துவிட்டேன். உன் அப்பா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இதுல எவன் கிட்டப் போய் நான் சுங்கம் கேக்கறது?" என்றார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். அன்றைக்கு அவரே புளி கரைத்து, கோஜோவுக்கும் சேர்த்து மணலில் ரசம் வைத்தார். அவர் வீட்டில் ஒரு நாளும் அடுப்பண்டை வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நீயும் வருவதில்லை. சரோஜா வேலைக்குப் போகிற பெண். ரசம் வைக்கக் கற்றுக்கொள். காட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டாம்.

அதற்கப்புறம் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இரைந்து பாய்கிற ஓர் இடத்தில் ஓடம் சாய்ந்து தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்கள் தப்பித்தோம். மருந்து வைத்திருந்த தகரப்பெட்டி போய்விட்டது. என் கைப்பை என் தோளில் மாட்டியிருந்ததால் தப்பித்தது. அதில் பிரசவ சாமான்கள்தான் இருந்தன. இரண்டு நாளில் உன் அப்பாவுக்கு ஜுரம் வந்தது. முதலில் குளிரில் பல் தந்தியடித்தது, பிறகு உடம்பு கொதித்தது. அது மலேரியா என்று எனக்குத் தெரியும். அதற்கான மாத்திரை எங்களுக்குப் பின்னால் ஆற்றின் அடியில் இருந்தது. அடுத்த மாத்திரை நாங்கள் போகவேண்டிய காவல் ஊரில், அங்கே இருந்த கம்பவுண்டரிடம். கீழே திரும்புவதைவிட மேலே போவதுதான் கிட்டம் என்று கோஜோ சொன்னான்.

மறுநாள் காலையில் கரையில் ஒரு சிறு ஊர் வந்தது. கோஜோவின் சனங்கள். பெண்கள் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி ஓடத்தை மறித்தார்கள். கோஜோ அவர்களோடு பேசிவிட்டு என்னைப் பார்த்தான். நான் யார் என்று வழியெல்லாம் அவன்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு பெண்ணுக்கு நேற்றிலிருந்து வலி. குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருக்கிறது.

உனக்கு இது தெரிய நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். கை முதலில் வந்தால் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் கர்ப்பப்பை கிழிந்து தாய் செத்துப்போவாள். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அஃபிபா என்று பெயர், சரோஜா வயதுதான் இருக்கும். வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு இல்லை. நன்றாகக் கேட்டுவிட்டு மறுபடியும் கேட்டேன். இல்லை. தாயை மட்டும் காப்பாற்றலாம், அதுவும் உடனே செய்தால். ஓடத்துக்குத் திரும்பி வந்தேன்.

உன் அப்பா அடியில் விரித்த பாயில் கிடந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. இதைக் கவனமாகப் படி. அத்தைக்கு இது தெரியாது.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. சாயங்காலம் ஆவும். அதுக்கப்புறம் ரத்தம் போவும், கூட இருக்கணும்."

"கொழந்தை?"

"போய்டுச்சு."

அவர் கோஜோவைக் கூப்பிட்டு, இங்கே தங்கிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று பிரெஞ்சில் கேட்டார். மேலே அதே மாதிரி இன்னும் பெரிய பாறைப் பாய்ச்சல் இருக்கிறது, தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது, இன்றைக்குத் தாண்டாவிட்டால் ஓடத்தைத் தூக்கித்தான் போகணும், இவரால் நடக்க முடியாது என்றான் அவன்.

"அப்ப நான் போவணும். நீ இருக்கணும்" என்றார் உன் அப்பா. ஆபீசில் இந்தத் தாள் இங்கே, அந்தத் தாள் அங்கே என்று பிரிக்கிற மாதிரி சொன்னார்.

"தனியாவாங்க போவீங்க, இந்த ஜுரத்தோட?"

"நீ வந்தா இன்னா பண்ணுவ? நெத்தியில ஈரத்துணி போடுவ. அத கோஜோ போடுவான். அங்க இருக்கறத அவன் பண்ண முடியுமா?"

அவர் பெட்டியிலிருந்து தன் வேட்டி ஒன்றை எடுத்து, கிழித்துக்கொள் என்று என்னிடம் நீட்டினார். ஓடம் கிளம்பி வளைவில் திரும்புகிற வரைக்கும்கூட நான் நிற்கவில்லை. அதற்குள் ஊருக்குள் ஓடிவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவர் சொல்வதற்கு முன்பே என் ஒரு கால் கரையில் இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் ஓடத்தில் ஏறியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது. இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் தெரியவில்லை.

அஃபிபாவின் அம்மா அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். கையில் பனை எண்ணெயைத் தடவிக்கொண்டு உள்ளே விட்டுக் குழந்தையின் காலைத் தேடிப் பிடித்தேன். கர்ப்பப்பை என் கையை நசுக்கும், அப்போது நிறுத்துவேன், தளரும்போது மறுபடி. மயக்க மருந்து இல்லை. அந்தப் பெண் என் தோளைக் கடித்தாள். வெயில் இறங்குகிற நேரத்தில் குழந்தை கால் வழியாக வந்தது. ஆண். முழு வளர்ச்சி. அதன் பாட்டி அதை வாங்கிக் கழுவி, உன் அப்பாவின் வேட்டியில் சுற்றினாள். ரத்தம் நிற்கிறவரைக்கும் வயிற்றை நான் முஷ்டியால் அழுத்திக்கொண்டிருந்தேன். அஃபிபா தண்ணீர் கேட்டபோதுதான் உன் அப்பா ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

விடிந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் மூன்று பேர் ஒரு ஓடத்தை இறக்கினார்கள். ஆம்பிளைகள் வேட்டைக்குப் போயிருந்தார்கள். நானும் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சைகை காட்டினார்கள். நான் போடுவதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பாறைப் பாய்ச்சலில் ஓடத்தைக் கயிறு கட்டி இழுத்தோம். பாறை என் காலைக் கிழித்தது. வழி நெடுக அந்தக் காட்டை நான் வெறுத்தேன். முந்தின நாள் அழகாக இருந்த ஒவ்வொரு வளைவும், இதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று இருக்கிறதே என்று ஆத்திரமூட்டியது. ஊர் கண்ணில் பட்டதும், ஓடம் கரை தட்டுவதற்குள் தண்ணீரில் குதித்து ஓடினேன்.

கம்பவுண்டர் வீட்டு வலைத்தொட்டிலில் உன் அப்பா கிடந்தார். மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு ராத்திரி தாமதமாகியிருந்தால் தாங்கியிருக்கமாட்டார் என்று அந்தக் கம்பவுண்டர் பிறகு என்னிடம் சொன்னார். கோஜோ தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். ஈரத்துணி அவன் கையிலேயே இருந்தது. உன் அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஏன் நேரமாயிற்று என்றும் கேட்கவில்லை.

"தாய் பொழைச்சாளா?" என்றார்.

"பொழைச்சிட்டாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

இவ்வளவுதான் நடந்தது. அவரை நான் ஆற்றில் விடவில்லை. அவர் ஓர் ஓடத்தில் போனார், நான் கரையில் இறங்கிக்கொண்டேன், இரண்டு பேருக்கும் அது தெரிந்தே நடந்தது.

ஆனால் பாதியைச் சொல்லி உன்னை வாயடைக்கச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அந்த ஜுரம் அவரை விடவே இல்லை. நாங்கள் ஊர் திரும்பினதும் அதனால்தான். நீ கல்லூரியிலிருந்து வந்தால் அவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறாய். மண்ணீரல் வீங்கி, ரத்தம் குறைந்து, கடைசியில் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே போனார். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மத்தியானம் நான் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜுரம் அப்போது அதிகமில்லை. திடீரென்று, "அன்னிக்கு நீ கூட வந்திருக்கலாம்" என்றார். நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். அவர், "கஞ்சி ஆறுது" என்றார். அதற்கப்புறம் அதைப் பேசவே இல்லை. அவர் இரண்டையும் மனசாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு என்னை இருக்கச் சொன்னதும் அவர்தான், நான் வந்திருக்கலாமே என்று ஏங்கினதும் அவர்தான். எனக்கு இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. உனக்கும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்டினவளோடு இருந்து பார். ஒரே ஆளிடமிருந்து ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு பேச்சு வரும். எது நிஜம் என்று கேட்டுச் சண்டை போடாதே.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். மரோனி ஆற்றோரத்து ஊர்களுக்குப் பிரசவ நர்ஸ் வேண்டும் என்று கயேனிலிருந்து எழுதியிருக்கிறார்கள். கேட்டு எழுதினது நான்தான்; அவர்களாகக் கூப்பிடவில்லை. அதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும். அதை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் சர்க்கார் வைத்திருக்கிற கெடுவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு இங்கே வேலை, இந்த நாடுதான் உனக்கு நாடு, அது சரி. நான் திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போடப்போகிறேன். "ஒரே குடும்பத்துல ரெண்டு தேசமா, ஊரு சிரிக்கும்மா" என்றாய். சிரிக்கட்டும். நாற்பத்தைந்து வயதில் ஒரு விதவை என்ன செய்ய வேண்டும் என்று நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

அப்பாவைக் கொன்ற இடத்துக்கே திரும்பிப் போகிறாயா என்று நீ கேட்காமல் கேட்டாய். ஆமாம். நான் அங்கே போய் யாரையும் காப்பாற்றப்போகிறேன் என்று நினைக்காதே. இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருக்கிறார்கள், நான் இல்லாவிட்டால் இன்னொருத்தி வருவாள். அங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறார்கள். அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். சரோஜாவுக்கு நாளைக்குப் பிரசவம் என்று வந்தால் நீ என்னைத் திட்டுவாய். நம் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கடலூரில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. மாதம் ஏறினதும் புதுச்சேரிக்கு அழைத்துவந்துவிடு. வலி வந்தால் வெளியே நின்று பீடி குடிக்காமல் உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி கேள். விடமாட்டார்கள். கேட்டாய் என்று அவளுக்குத் தெரியட்டும்.

அத்தையிடம் சண்டைக்குப் போகாதே. இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டு. தன் தம்பியைப் பறிகொடுத்தவள். யாரையாவது கோபித்துக்கொள்ள அவளுக்கும் ஆள் வேண்டாமா.

தை பிறந்ததும் கப்பல். வழியனுப்ப நீ வருவாயா என்று தெரியவில்லை. வந்தால் கோபத்தோடேயே வா, பரவாயில்லை. சிரித்துக்கொண்டு வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் சீக்கிரமாக வந்துவிடு. கரையிலிருந்து கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகில் நான் முதல் ஆளாக ஏறி, கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் ஏறினால் நீ வருகிறாயா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன்; அப்படி நின்றால் போகமாட்டேன்.

உன் அம்மா